ஏழாம் பதிப்பின் மேல் சத்தியம்

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அட்டர்னி ரெமிகியோ துபில்லா எழுதித் தாமே வெளியிட்ட 'சாட்சிக்கூண்டுக் கையேடு' என்ற நூலின் ஏழாம் பதிப்பின் மேல் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்துச் செய்த சத்தியம் இது. பச்சை அட்டை, கனமான தாள். கையை எடுத்தபோது உள்ளங்கையில் மை ஒட்டியிருந்தது, அவ்வளவு புதுசு. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன அத்தாட்சி தர முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அட்டர்னி துபில்லா இரண்டாவது கிண்ணம் டினோலாவை முடித்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். இஞ்சியும் பச்சைப் பப்பாளியும் முருங்கைக்கீரையும் போட்டு, மனைவி ஃபெலிசா வைத்த கோழிச்சாறு. கறி கொஞ்சம் முறுக்காக இருந்தது. ஆனால் சாற்றின் ருசிக்கு எந்தக் குற்றத்தையும் மன்னிக்கலாம் என்று நினைத்தபடியே குழாயைத் திறந்தார்.

கீழே, சாக்கடை வாயில் ஒரு இறகு நின்றது. நீளமாக, அரிவாள் மாதிரி வளைந்து, சிவப்பில் பச்சை மினுங்கும் வால் இறகு.

அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் கூப்பிட்டது. "கர்னல்... என் ராசா கர்னல்... எங்கடா போயிட்ட?"

அட்டர்னி குழாயை மூடிவிட்டு இறகைக் குனிந்து பார்த்தார்.

கர்னல் என்பது பக்கத்து வீட்டுச் சேவல். இலோயிலோ நகரில், லா பாஸ் வட்டாரத்தில், அந்தச் சேவலைத் தெரியாதவர்கள் புதிதாகக் குடிவந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரு சண்டையிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற சேவல். ஓய்வு என்றால் அதுவாகக் கேட்டு வாங்கியதல்ல. அதன் சொந்தக்காரர் கோன்ராடோ, போன திருவிழாவில் சாந்தோ நின்யோ என்ற குழந்தை இயேசு சொரூபத்தின் முன் மனைவி டெலியா மண்டியிட வைத்ததால் மண்டியிட்டு, இனி ஜன்மத்தில் சேவற்சண்டைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். மீறினால் அச்சகத்தைப் பூட்டிச் சாவியை ஆற்றில் வீசிவிடுவேன் என்று டெலியா சொல்லியிருந்தாள். அச்சகம் அவளுக்கு அவளுடைய அப்பா விட்டுப்போனது. கோன்ராடோ அதில் மை போடுகிறவர், அவ்வளவுதான். சண்டை போனபின் கர்னல் டெலியாவின் கைப்பிள்ளை ஆகிவிட்டது. சோளத்தை அவள் உள்ளங்கையிலிருந்துதான் கொத்தும்.

அந்த அச்சகத்தில்தான் அட்டர்னியின் ஏழாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அட்டர்னி ஒரு காலத்தில் நீதிமன்றத்தைக் கலக்கியவர். அவருடைய கடைசி வழக்கில் ஒரு மாட்டுத் திருடனை அவர் குறுக்கு விசாரணை செய்த வேகத்தில், திருடன் அந்த மாட்டோடு சேர்த்து வேறு இரண்டு மாடுகளையும் ஒப்புக்கொண்டான். சுருக்கெழுத்துக்காரர் பள்ளிக்கூடத்தில் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டார். நீதிபதியும் ஏதோ சொல்ல வாயெடுத்து, உணவு இடைவேளை என்று அறிவித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இந்த ஆயுதத்தை ஒருவரே வைத்திருப்பது ஊருக்கு ஆபத்து என்று அட்டர்னிக்கே தோன்றிவிட்டது. தொழிலை விட்டார். சட்டக் கல்லூரியில் மாலை வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். வழக்கு நடத்துவது எப்படி என்று கைக்கு அடக்கமாகக் கையேடு எழுதி வெளியிட்டார். வக்கீலுக்கும் அது வேண்டும், சாட்சிக்கும் வேண்டும். ஆறு பதிப்பு போயிற்று.

ஏழாவது மட்டும் கொஞ்சம் அவசரம். பகோலோத் நகரிலிருந்து அவருடைய பழைய மாணவன் ஒருவன், அவர் சொன்னதையெல்லாம் வேறு வரிசையில் எழுதி, வழவழ அட்டை போட்டு ஒரு கையேடு கொண்டுவந்திருந்தான். கல்லூரி முதல்வர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷ வகுப்பு திறக்கிறதுக்குள்ள உங்க புதுப் பதிப்பு மேஜைக்கு வரலைன்னா, இதைத்தான் பாடமா வைக்கணும், அட்டர்னி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு அட்டர்னிக்கு ராத்தூக்கத்தில் வந்துகொண்டிருந்தது. தம் வாழ்நாளின் வேலை, தம் மாணவன் பெயரில், தம் வகுப்பிலேயே தாம் பாடம் நடத்தவேண்டிய புத்தகமாக வருவதைவிட ஒரு மனிதனுக்கு வேறு என்ன கேடு வேண்டும்?

அவர் இறகை எடுத்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஃபெலிசா கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ரெமி, அந்தக் கோழி இருக்கே..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதே."

"இல்ல, அது எப்படின்னா..."

"ஃபெலிசா, நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சா, யாராவது கேட்டா நான் சொல்லணும். நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால நீ சொல்லாதே."

கட்சிக்காரரிடம் 'நீ செய்தாயா' என்று ஒருபோதும் கேட்காதே என்பது கையேட்டின் இரண்டாம் அத்தியாயம். நாற்பது வருடத்தில் எந்த மன்றத்திலும் பொய் சொல்லாதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தது இரண்டாம் அத்தியாயம்தான். ஃபெலிசா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அச்சு இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை. அட்டர்னி சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தார். டெலியா அச்சகக் கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கர்னல் வீட்டுக்கு வரும்வரை ஒரு தாள்கூட ஓடாது என்று அவள் சொன்னாள். கூடவே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து டினோலா வாசனை வந்ததே, என்ன விசேஷம் என்றும் கேட்டாள். கோன்ராடோ அவளுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனுஷன் சேவல் துக்கத்தில் ஒரே நாளில் இளைத்துவிட்டார் என்று அட்டர்னி நினைத்தார்.

மதியம் ஊரே படுத்திருக்கும் நேரத்தில் அவர் சாக்கடையையும் குப்பைக் கூடையையும் துழாவி மீதி இறகுகளையும் எலும்புகளையும் பொறுக்கினார். இது தடயத்தை மறைப்பது ஆகாது, பப்பாளிக்கு உரம் என்று தமக்குத் தாமே இரண்டு முறை வாதாடி, இரண்டு முறையும் ஜெயித்து, மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். நிமிர்ந்தபோது பக்கத்து வீட்டு மாடியில் டெலியா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு துண்டைத்தான். ரொம்ப நேரமாக.

"உரம்," என்றார் அட்டர்னி.

டெலியா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. கேட்காததற்குத் தாமாகவே பதில் சொன்னது நாற்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. சாயங்காலம் தெருநாய் ஒன்று பப்பாளியடியைக் கிளறி, ஒரு சிவப்பு இறகை வாயில் கவ்விக்கொண்டு, வேறு வீடே இல்லாத மாதிரி நேராக அச்சக வாசலுக்குப் போய் வைத்தது.

இதற்குப் பரிகாரமாக, எதையும் ஒப்புக்கொள்ளாமல் அனுதாபம் மட்டும் தெரிவிப்பது என்று அட்டர்னி முடிவு செய்தார். பொத்தோத்தான் ஊரிலிருந்து வரும் மாணவன் ஒருவனிடம் நல்ல சேவலாக ஒன்று கொண்டுவரச் சொன்னார். பையன் ஓலைப்பையில் கட்டிக் கொண்டுவந்தான். பையன் புத்தகத்தோடு வளர்ந்தவன், அட்டர்னி அதைவிட. கட்டைப் பிரிக்காமலே சுவருக்கு மேல் டெலியாவிடம் நீட்டி, இது பக்கத்து வீட்டுப் பிரியத்தால் தருவது, எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டு தருவதல்ல என்று தெளிவாகச் சொன்னார்.

மறுநாள் காலை அந்தச் சேவல் முட்டை இட்டது.

டெலியா முட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றாள். "திங்காதவன் எதுக்குக் கோழி கொடுக்கணும்? அதுவும் பெட்டையை. என் கர்னலுக்கு இதுதான் விலையா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டாள். கேள்வி நன்றாக அமைந்திருந்ததை அட்டர்னி ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஒரு வாத்தியாராக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி ஃபெலிசாவை இங்கே வைத்திருப்பது ஆபத்து. டெலியா சுவர்ப்பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அவள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். முக்கியமான சாட்சியை எதிர்த்தரப்பு நெருங்க விடாதே என்பது ஒன்பதாம் அத்தியாயம். கிமாராஸ் தீவில் இருக்கும் அக்காவைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அட்டர்னி பாசமாக விசாரித்தார்.

"போன வாரம்தான் பாத்தேன்," என்றாள் ஃபெலிசா. "ரெமி, ஒரே ஒரு நிமிஷம். அந்தக் கோழியை எனக்கு..."

அட்டர்னி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ஃபெலிசா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குக் கிளம்பினாள். கையில் பையோடு அவள் அச்சகத்தைத் தாண்டிப் போனதை டெலியா பார்த்தாள். பொழுது சாய்வதற்குள், அட்டர்னியின் பெண்டாட்டி ஊரைவிட்டு ஓடிவிட்டாள் என்று லா பாஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள், ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியான பராங்காயின் காவலன் இசோ வாசலில் வந்து நின்றான்.

இசோவை அட்டர்னிக்கு நிரம்பப் பிடிக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் அவன் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. பயந்துபோய் வந்தவனுக்கு அட்டர்னி ஆறாம் பதிப்பு ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். இசோ அதை வேதமாக எடுத்துக்கொண்டான். கூண்டில் அவன் நின்ற நிலையைப் பற்றி வக்கீல்கள் இன்றும் பேசுகிறார்கள். அன்றிலிருந்து சட்டைக்குள் அந்தப் புத்தகம் இல்லாமல் அவன் வெளியே வருவதில்லை. பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

"என்ன இசோ?"

"தாள் கொண்டாந்திருக்கேன், அட்டர்னி."

"யார் கொடுத்தது?"

"கேப்டன்."

"எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான். நேராக நின்று காத்திருந்தான். அந்த நிலைமையிலும் அட்டர்னிக்கு நெஞ்சு பூரித்தது. இத்தனை மாணவர்களில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்கிற முதல் அத்தியாயம் யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, இவனுக்குப் புரிந்துவிட்டது.

"எதுக்கு, சொல்லேன்."

"சேவல் விஷயம். சனிக்கிழமை காலைல பராங்காய் மண்டபத்துக்கு வரணும்." கொஞ்சம் நின்றான். "வேற ஏதாவது கேக்கணுமா, அட்டர்னி?"

"வேண்டாம்ப்பா, நீ போ."

இசோ போய்விட்டான்.

பக்கத்து வீட்டுச் சண்டை எதுவானாலும் முதலில் பராங்காய்த் தலைவரான கேப்டன் முன்னால்தான் போக வேண்டும், அங்கே வக்கீல் மூச்சுவிடக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். கட்சிக்காரர்கள் தாங்களே வந்து, தங்கள் வாயால் பேச வேண்டும். அட்டர்னி தம் வகுப்பில் இந்தச் சட்டத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார். வக்கீலுக்கு வேலையில்லாத இடத்தைப் பற்றி வக்கீலுக்கு என்ன பாடம்?

சனிக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. அவருடைய மாலை வகுப்பு மொத்தமும் பேனாவோடு வந்து பின்பக்கம் நின்றிருந்தது. கல்லூரி முதல்வர்கூட, இந்த வழியாகப் போனேன் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அவர் கையில் வழவழ அட்டை போட்ட புத்தகம் ஒன்று இருந்தது.

கேப்டன் மிலாக்ரோஸ் காலையில் பாட்சோய் என்னும் நூடுல்ஸ் சூப்புக் கடை நடத்துபவர். மண்டபத்தை ஒட்டித்தான் கடை. அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

அட்டர்னி எழுந்து, தொண்டையைச் செருமி, மதிப்பிற்குரிய மன்றத்துக்கு வணக்கம் சொன்னார்.

"உட்காருங்க, மனோங் ரெமிகியோ. இங்க மன்றமும் இல்ல, அட்டர்னியும் இல்ல. சூப்பு கொதிச்சிட்டிருக்கு. கேட்டதுக்குப் பதில் சொன்னா எல்லாரும் சீக்கிரம் சாப்பிடப் போகலாம்."

மனோங் என்றால் அங்கே அண்ணன் மாதிரி, மனாங் என்றால் அக்கா. யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டு வெகுகாலமாயிற்று. சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னது போல இருந்தது அவருக்கு.

டெலியா சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். வாசனை, குழி, நாய் கவ்வி வந்த இறகு, முட்டை, படகு. ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். முட்டையையும் நிஜமாகவே வைத்தாள். பின்னால் பேனாக்கள் ஓடும் சத்தம் அட்டர்னிக்குக் கேட்டது. தம் வகுப்பில் எவனாவது இவ்வளவு சுத்தமாக ஒரு வழக்கைக் கட்டியிருந்தால் முதல் மதிப்பெண் கொடுத்திருப்பார்.

கோன்ராடோவிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேப்டன் அட்டர்னியைக் கேட்டார். அட்டர்னியின் முதுகு தானாக நிமிர்ந்தது. எத்தனை வருடமாயிற்று.

"கோன்ராடோ, கர்னலைக் கடைசியா எப்போ பாத்தீங்க?"

"போன சனிக்கிழமை."

"எங்க வச்சு?"

கோன்ராடோவின் வாய் திறந்தது; மூடியது. அவர் மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசலில் தடியோடு நின்ற இசோவைப் பார்த்தார். பிறகு கண்ணிலிருந்து மாலைமாலையாக நீர் கொட்ட ஆரம்பித்தது. மண்டபத்தில் இரண்டு மூன்று பேர் 'ச்சு' கொட்டினார்கள்.

அழுகிற சாட்சியைத் தொடாதே. அவன் கண்ணீரில் உன் வழக்குதான் நனையும். ஐந்தாம் அத்தியாயம். அட்டர்னி தலையை மரியாதையாகக் குனிந்து உட்கார்ந்துவிட்டார். மாணவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"வேற யாரையாவது கேக்கணுமா?" என்றார் கேப்டன்.

அட்டர்னி சுற்றிப் பார்த்தார். வாசலில் இசோ, 'கேளுங்களேன்' என்பது போல நெஞ்சை நிமிர்த்தி நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விறைப்பு நல்லது, ஆனால் அவனுக்கு இதில் என்ன தெரியும்? என்ன சொல்வான் என்று தெரியாதவனை எழுப்பாதே. ஆறாம் அத்தியாயம்.

"யாரும் இல்ல, கேப்டன்."

"சரி. அப்ப நான் ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

கேள்வி குறிப்பானது. பொருத்தமானது. ஆட்சேபிக்க அதில் இடுக்கே இல்லை. இருந்தும் அட்டர்னி ஆட்சேபித்தார். கேப்டன் அவரை, கடனுக்குச் சாப்பிட வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"டினோலா," என்றார் அட்டர்னி.

"கோழி எங்கேந்து வந்துச்சு?"

"தெரியாது."

அது சத்தியமான உண்மை. தெரியாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? ஆனால் மண்டபம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முதல்வர் வழவழப் புத்தகத்தைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"அப்ப தெரிஞ்சவங்களைக் கேக்கணும்," என்றார் கேப்டன். "மனாங் ஃபெலிசாவைக் கூட்டிட்டு வரச் சொல்லலாம். இசோ, படகு எப்போ?"

"பதினோரு மணிக்கு, கேப்டன்," என்றான் இசோ. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அட்டர்னியின் கண்முன் ஃபெலிசா நின்றாள். இந்தக் கூட்டத்துக்கு நடுவில், இந்த முட்டைக்கு முன்னால், கோழி திருடியவளாக. முப்பத்தெட்டு வருடம் அவர் பேசும்போதெல்லாம் சும்மா இருந்தவள். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துக்கொண்டு வந்த அந்த இறகு அங்கேயே இருந்தது.

அவர் எழுந்து நின்றார்.

"யாரையும் கூப்பிட வேண்டாம். நான்தான். சேவல் சுவர் ஏறி வந்துச்சு. நான்தான் பிடிச்சேன், நான்தான் அறுத்தேன். ஃபெலிசா கடைக்கோழின்னு நினைச்சுச் சமைச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

நாற்பது வருடப் பெயர் அத்தோடு போயிற்று. அது போகும் சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

கேப்டன் கொஞ்ச நேரம் அவர் கைகளையே பார்த்தார். "எதால அறுத்தீங்க?"

இதற்குக் கையேட்டில் அத்தியாயம் இல்லை. "காகிதம் வெட்டுற கத்தியால," என்றார்.

டெலியா முந்தானை இல்லாத குறைக்கு முட்டை வைத்திருந்த துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கோன்ராடோவோ அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, வானத்திலிருந்து இறங்கியவரைப் பார்ப்பது போல அட்டர்னியைப் பார்த்தார். அடுத்த கணமே எழுந்து ஓடிவந்து அட்டர்னியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுட்டேன். முழுசா மன்னிச்சுட்டேன். இதோட விட்டுடலாம், டெலியா. இனிமே இதைப் பத்தி யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்கக்கூடாது."

அவ்வளவு வேகமான மன்னிப்பை அந்த மண்டபம் கண்டதில்லை.

பிறகு எல்லாம் சுருக்கமாக முடிந்தது. அட்டர்னி ஒரு நல்ல சேவல் வாங்கித் தர வேண்டும். வாங்கும்போது கோன்ராடோவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கர்னல் உட்காரும் கம்புக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இவற்றுக்கு ஈடாக அன்று மதியமே இயந்திரம் ஓடும். டெலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினாள். முதல்வர் வழவழப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏழாம் பதிப்பு வந்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாணவன் வந்து, அந்த ஒப்புதல் வாக்குமூலம் புதுப் பதிப்பில் வருமா என்று பவ்யமாகக் கேட்டான்.

கேப்டன் எல்லாரையும் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாட்சோய் ஊற்றினார். டெலியாவும் கோன்ராடோவும் ஒரு பக்கம். எதிரில் அட்டர்னி. ஓரத்துப் பலகையில் இசோ. சூடான சூப்பு உள்ளே போனதும் அட்டர்னிக்கு உயிர் திரும்பியது. பெயர் போனால் போகட்டும், ஃபெலிசா தப்பித்தாள், புத்தகம் தப்பித்தது. உயிரோடு சேர்ந்து பழைய சபலமும் திரும்பியது. கூண்டில் நிற்பதைப் பற்றி இத்தனை வருடம் எழுதியவர், இன்றுதான் முதல்முறையாக நின்றிருக்கிறார். எப்படி நின்றோம் என்று விஷயம் தெரிந்த ஒருவனிடம் கேட்டுப் பார்க்க ஆசை வந்தது.

"என்ன இசோ, என் சாட்சியம் எப்படி?"

இசோ கிண்ணத்தைக் கீழே வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, நேராக உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் சொன்னீங்க, அட்டர்னி. ஆனா பொய்."

கோன்ராடோவுக்குப் புரையேறியது.

"எது பொய்?" என்றார் அட்டர்னி. பழக்கதோஷம், நாக்கு அவரைக் கேட்காமலே கேட்டுவிட்டது.

"கர்னலை நீங்க அறுக்கல."

"அப்ப யாரு?"

"என் சேவல். போன சனிக்கிழமை, ஆத்தோரத் தோப்புல, கள்ளச் சண்டையில. மூணாவது மோதல்லயே கர்னல் விழுந்துடுச்சு."

"கர்னலை அங்க யாரு கொண்டாந்தா?" இதைக் கேட்டது டெலியா.

"மனோங் கோன்ராடோ."

கேப்டனின் கையிலிருந்த கரண்டி அண்டாவுக்குமேல் அப்படியே நின்றது. கள்ளச் சண்டை நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் பராங்காய் இசோவுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

"தோத்த சேவல் ஜெயிச்சவனோட சட்டிக்குத்தானே," என்று ஃபெலிசாவின் சமையலை நினைத்தபடி அட்டர்னி மெதுவாகக் கேட்டார். "என் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"நான்தான் மனாங் ஃபெலிசா கையில கொடுத்தேன், புத்தகம் கொடுத்த நன்றிக்கு. என் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஏது கோழின்னு என் பெண்டாட்டி கேப்பா. கேட்டா நான் சொல்லணும்."

டெலியா கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். எழுந்தாள். இடுப்பிலிருந்து அச்சகச் சாவியை அவிழ்த்தாள். ஆற்றுப்பாலம் இருக்கும் பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். கோன்ராடோ கிண்ணத்தோடு எழுந்து, கிண்ணத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், கிண்ணத்தோடேயே அவள் பின்னால் ஓடினார்.

அட்டர்னி இசோ பக்கம் திரும்பினார். "அடப்பாவி. காலைலேந்து வாசல்லயே நின்னியே. அன்னிக்கு என் வீட்டுக்கும் வந்தியே. இதை ஏன் உள்ள சொல்லல?"

இசோ சட்டைக்குள் கைவிட்டு ஆறாம் பதிப்பை எடுத்தான். முதல் அத்தியாயம் தானாகவே திறந்துகொண்டது. அவ்வளவு தடவை படித்திருந்தான்.

"என்னை யாரும் கேக்கலையே, அட்டர்னி."

ஏழாம் பதிப்பு இன்றுவரை அச்சாகவில்லை.